பின்சீட்டில் படுத்துப் பார்த்தவர்

சீமைக்குத் திரும்பவிருந்த துரை ஒருவர் தம் சொகுசுக் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அதை வாங்கி வாடகைக்கு ஓட்டலாமென நுவரெலியாவுக்குப் போயிருந்தேன். ராகலையில் கடை வைத்திருந்த நெட்டையான முஸ்லிம் நானா ஒருவரும் வந்திருந்தார். இன்ஜினை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பின்சீட்டில் ஏறிப் படுத்தார். எழுந்து, மறுபக்கம் தலைவைத்து மறுபடியும் படுத்தார்.

“என்ன நானா, தூக்கமா?” என்று சிரித்தேன்.

“பொஞ்சாதியும் என் உயரந்தாங்க. போன பிரசவத்துக்கு லொறியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குலுங்குன குலுக்கல்ல புள்ள வழியிலயே போயிருச்சு. இப்ப திரும்ப மாசமா இருக்கா. காலை நீட்டிப் படுக்கிற மாதிரி கார் வேணும். இது பத்தாதுங்க.”

துரையிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல், அடுத்த காரைப் பார்க்க பஸ்ஸுக்கு ஓடினார். அந்தக் காரை நான்தான் வாங்கினேன். வலி எடுப்பதற்குள் அவருக்கு ஒன்று கிடைத்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.