தபால் பெட்டிக்கு விரல் தூக்கியவள்

என் மனைவி டோலினா முப்பத்தொரு வருஷம் ஹாரிஸ் தீவின் தென்கோடியில் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்த நர்ஸ். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலைகள் எங்களுடையவை; எதிரே யாராவது வந்தால், ஓரத்தில் அகலப்படுத்தியிருக்கும் ஒதுங்கிடத்தில் ஒருவர் நின்று வழிவிட வேண்டும். புயலில் பிரசவத்துக்குப் போனாள், பனியில் சாவுக்குப் போனாள், ஒரு ஆட்டைக்கூட இடித்ததில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு, லைசென்ஸ் தரமாட்டார்கள். பள்ளிக்கூடச் சமையற்காரனான என்னைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். ஊரில் என்னை 'நர்ஸம்மாவின் பார்சல்' என்பார்கள். கோபம் வரும். ஆனால் பொய்யில்லையே.

அவள் ஓய்வு பெற்ற கோடையில் திடீரென்று, "கெளம்பு யூவன். வேன்ல மெத்தையைப் போட்டுக்கிட்டு வடக்கு மலையெல்லாம் சுத்திட்டு வரலாம்" என்றாள். அத்தனை வருஷமும் சாக்குச் சொன்னவள்! அடுப்பு, ஓட்ஸ், கூடாரம் என்று எல்லாவற்றையும் நான் குஷியாக ஏற்றினேன்.

கப்பலில் போய் ஸ்கை தீவில் இறங்கிய முதல் நாளே ஏதோ சரியில்லை. கூடாரம் போட்ட இடத்தில், தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். பொடிக்கொசு கண்ணில் விழுந்துவிட்டதாம். நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை நம்ப முடியவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் எதிரே வரும் வண்டிக்கு வணக்கமாக ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது வழக்கம். தூக்காவிட்டால் பகை என்று அர்த்தம். டோலினா அன்று சாலையோரத்துச் சிவப்புத் தபால் பெட்டிக்கு மரியாதையாக விரல் தூக்கினாள். அடுத்த வளைவில் எங்களுக்கு வழிவிட்டு நின்ற காரிலிருந்து ஒருவர் கையாட்டினார். அவரைக் கண்டுகொள்ளாமல் கடந்து போனாள்.

இவளுக்குக் கண் தெரியவில்லை. கேட்டுவிடு, இப்போதே கேட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டபின் வேனை யார் ஓட்டுவது? ஊருக்குப் போனபின் எங்களை யார் எங்கே கொண்டுபோவது? நான் ஒரு கோழை. கேட்பதற்குப் பதிலாக, "அதோ பஸ் வருது, ஒதுங்கு", "ஆடு படுத்திருக்கு பாரு" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"கொஞ்சம் வாயை மூடிட்டு வர்றியா? நான் என்ன நேத்துதான் ஓட்டக் கத்துக்கிட்டேனா?"

"இல்லம்மா, ஊரைப் பாக்குற சந்தோஷத்துல பேசுறேன்."

ஆப்பிள்கிராஸ் கணவாயின் அடிவாரம் வந்ததும், "மேல மேகம் இறங்குது. இப்படியே திரும்பிடலாமே?" என்று கெஞ்சினேன்.

"இதை ஏறத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்" என்று கியரை மாற்றினாள்.

சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. என் பக்கம் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் என் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. இரண்டாவது கொண்டை வளைவுக்கு மேலே மூடுபனிக்குள்ளிருந்து ஒரு இறால் லாரி இறங்கி வந்தது. விளக்கு எரிந்தது. ஒதுங்கிடம் எங்கள் பக்கம்தான். அவள் ஒதுங்கவில்லை.

"டோலினா! நிறுத்து!"

நிறுத்தினாள். இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

லாரிக்காரர் இறங்கி வந்தார். "ஏம்மா, என் லாரி அவ்வளவு ஒல்லியாவா இருக்கு? கண்ணை வீட்ல வெச்சிட்டு வந்தீங்களா?"

டோலினா இஞ்சினை அணைத்துச் சாவியை நீட்டினாள். அவர் கை இருந்த இடத்துக்கு அது நீளவில்லை. "எனக்குத் தெரியலை தம்பி. வேனைக் கீழ இறக்கித் தருவியா?"

அந்த மனிதரின் கேலி அப்படியே நின்றது. "எம் பொண்டாட்டி கூடத்தான் இருக்கா. லாரியை அவ எடுத்துப்பா, உங்களை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றவர், மனைவியிடம் சொல்ல லாரிக்கு ஓடினார்.

வேனில் நாங்கள் இருவர் மட்டும். பயம் போன இடத்தில் ஆத்திரம் பொங்கியது. "எத்தனை நாளா?"

"ஈஸ்டர்லேர்ந்து. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டார். ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் ஒண்ணுமில்லை. ஒரே ஒரு தடவை உன்னைக் கூட்டிட்டு வந்துடணும்னு நெனச்சேன்."

"ஒரு கொழந்தை குறுக்கே வந்திருந்தா? நீயெல்லாம் ஒரு நர்ஸா?"

"உனக்கும் தெரிஞ்சிருக்கே யூவன். காலையிலேர்ந்து எனக்கு வழி சொல்லிட்டுத்தானே வந்தே? நீ ஏன் நிறுத்தச் சொல்லலை?"

குற்றமுள்ளவன் கத்துவான், நானும் கத்தினேன். "ஜன்னலைப் பாத்துக்கிட்டு என்ன பேச்சு? என் மூஞ்சியைப் பாத்துப் பேசு!"

அவள் திரும்பவில்லை. "நேரா திரும்பினா உன் மூஞ்சி காணாமப் போயிடுது. இப்படி இருந்தாத்தான் கொஞ்சமாவது தெரியுது. உன்னைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றாள்.