பாக் யாசிட்டின் கழுத்து

கார் டிக்கியின் மூடியைத் தலையில் தாங்கியபடியே மீனின் செவுளைப் பிரித்துப் பார்த்து, பேரமும் பேசி, மீன்காரர் மகளின் கல்யாணத்தையும் விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர் உலகத்திலேயே மலேசியாவின் அலோர் ஸ்டாரில் என் பக்கத்து வீட்டுக்காரரான பாக் யாசிட்தான். குனோங் கெரியாங் மலை என்றைக்காவது சரிந்தால் முட்டுக்கொடுக்க அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

மூடியைத் தூக்கி நிறுத்தும் இரண்டு கேஸ் கம்பிகளும் தொய்ந்து வருஷக்கணக்காகிறது. “கம்பி எதுக்கு? கழுத்து இருக்கே” என்பார். அவருடைய சொங்கோக் தொப்பி நடுவில் இட்லித்தட்டு மாதிரி குழிந்துவிட்டது.

போன வாரம் அவர் தும்மினார். மூடி விழுந்தது. உள்ளே கூண்டில் ஜோஹான் இருந்தது, கூவல் போட்டிக்கென்று அவர் பிள்ளைபோல் வளர்க்கும் மெர்போக் புறா. அடி ஒன்றுமில்லை. ஆனால் அன்றோடு வாயடைத்துப் போனது. போட்டியோ நாளைக் காலை.

“உங்க மண்டைமேல விழுந்தப்போ ஒண்ணும் ஆகல. உள்ள ஏதாச்சும் இருந்தாத்தானே ஆகும்?” என்றாள் மனைவி மாக் சோம். “பாவம், அதுக்குக் குரலே போச்சு.”

புதுக் கம்பிகள் வந்தன. கூண்டைப் போர்ச்சில் மாட்டி, அதன் கண்ணெதிரேயே வேலையைத் தொடங்கினார். “நல்லாப் பாத்துக்கோ ஜோஹான், இனிமே பயமில்ல.”

மூடிக்கு முட்டாக மாக் சோம் துடைப்பக்கட்டையை நீட்டினாள்.

“கழுத்து இருக்கே!”

ஸ்குரூடிரைவரால் நெம்பியதில் கம்பியைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று பறந்துபோய் அவள் ஊறவைத்திருந்த அரிசியில் விழுந்தது.

“தேடு சோம், நான் நகர முடியாது.”

“கட்டைய வச்சிருந்தா நகரலாம்ல?”

கடைசியில் இரண்டாவது கம்பியும் குமிழில் ‘டக்’கென்று உட்கார்ந்தது. மூடி தானாகவே மேலே போனது. பாக் யாசிட் மட்டும் குனிந்த கழுத்தோடு நின்றார். “கனமே தெரியலையே!”

மூடியைப் பூப்போல சாத்தினார். கூண்டைப் பார்த்தார். சத்தமில்லை. திறந்தார், சாத்தினார். ம்ஹும். அவர் முகம் பழைய மூடி மாதிரியே தொங்கிப்போனது.

“குர்ர்... கூக் கூக் கூக்!”

“சோம்! பாடிட்டான்!”

மாக் சோம் ஈரக்கையோடு ஓடிவந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் கூவல். அந்நேரம் ஜோஹானின் அலகு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இருந்தது.

பாக் யாசிட் அதைப் பார்த்துவிட்டார். மனைவி உள்ளே போகும்வரை சிரித்தபடியே நின்றார். பிறகு ஒரு பிடி தினையைக் கொண்டுவந்து மதில்மேல் கொட்டினார், அந்தப் பக்கம் வாயைக் குவித்துக் குந்தியிருந்த, இதை எழுதுகிற ஆசாமியின் மூக்குக்கு நேராக.

“சாப்பிடு. நாளைக்குப் போட்டிக்கு நீயும் வாடா. மூடி இனிமே விழாது” என்று, ஒற்றை விரலால் டிக்கியைத் திறந்துவிட்டார்.