இருசப்பன் கண்டெடுத்த ஏழு

இருசப்பன் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர்களுக்கு அவசர வேலை ஏதாவது ஞாபகம் வந்துவிடும். இது நேற்று இன்று வந்த குறை அல்ல. சுங்கை கெலாடி ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அவன் பிறந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மைக்செட் அலறிக்கொண்டிருந்ததால், முதல் அழுகையே யார் காதிலும் விழவில்லையாம். பெற்றவளே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பெற்றவள் சிரித்தால் ஊர் சும்மா இருக்குமா?

இருபது வயதில், மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு மரமேறிக் கூம்புக் குழாய் கட்டுவது அவன். ஒயர் இழுப்பது அவன். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பதும் அவன். அதோடு சரி. அறிவிப்பு என்று வந்துவிட்டால் தோட்டத்துக் கங்காணியான மண்டோர் ரெங்கசாமி வந்து மைக்கைப் பிடுங்கிக்கொள்வார். அதன் பிறகு முப்பது வருடம் லோரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரும் எடுபிடி வேலை. கோல சிலாங்கூரிலிருந்து கிள்ளான் போய்த் திரும்பும்வரை அவன் பேசிக்கொண்டே வருவான். டிரைவர் ரேடியோவைக் கூட்டிக்கொண்டே வருவார்.

கல்யாணமும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் அவன் நிலாவுக்கு மனிதன் போன கதையை எடுத்துவிட, தனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தன் பேச்சில் மயங்கிவிட்டாள் என்று இருபத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறான். புதுச் சட்டையின் அக்குளில் விலைச்சீட்டு தொங்கியதுதான் காரணம் என்பதை அந்தப் புண்ணியவதி இன்றுவரை சொல்லவில்லை.

தோட்டம் கைமாறியது, லயத்தை இடித்து எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள். சனங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். இருசப்பன் புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மீன் உருண்டை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஜாகா என்னும் காவல் வேலை கிடைத்தது. வாசலில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. லோரி வந்தால் வாசல் தடுப்புத் தடியைத் தூக்கவேண்டும், போனால் இறக்கவேண்டும். வாய்க்கு அங்கே வேலையே இல்லை.

இந்த நேரத்தில்தான் அவன் கையில் போன் வந்தது. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு நாட்களில், ஷா ஆலத்தில் கணினி வேலை பார்க்கும் புனிதன் என்ற இளைஞன், சிதறிப்போன தோட்டத்து ஆட்களைத் தேடிப் பிடித்து 'கெலாடி சொந்தங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினான். நூற்று அறுபத்து மூன்று பேர். கோவில் விசேஷமும் சாவுச் செய்தியும் சொல்லத்தான் குழு. இருசப்பனுக்கோ, ஐம்பது வயதில் முதல் முறையாக யாரும் பிடுங்க முடியாத மைக் கிடைத்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலை ஆறே காலுக்கு ஆரம்பித்தான். "வணக்கம் கெலாடி மக்களே! பசியாறியாச்சா? இதோ, இருசப்பன் இன்று கண்டெடுத்த ஏழு!" ஒன்பது நிமிடக் குரல்பதிவு. அன்றிலிருந்து தினமும் அதுதான். மூன்றாக மடிக்கும் போன் வந்துவிட்டது. வெளியூரில் ஓர் ஓட்டலில் மனுசன் இல்லாமல் இயந்திரமே காப்பி ஊற்றுகிறது. கொரிய நடிகன் பட்டாளத்துக்குப் போகிறான், பெண் பிள்ளைகள் அழுகிறார்கள். இன்ன நடிகர் பெண்டாட்டியைப் பிரிகிறார், நாய் யாருக்கு என்று வழக்கு. பெட்ரோல் சலுகை இனி அடையாள அட்டையைக் காட்டினால்தான். இப்படி ஏழு. ஒரு நாள் கூட ஆறு கிடையாது.

உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவன், ஆங்கிலச் செய்தியை வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பார்த்துத் தமிழில் பெயர்ப்பான். படிக்கத் தெரியாத கிழவிகளும் இருக்கிறார்களே என்றுதான் எழுதி அனுப்பாமல் குரலில் சொன்னான். சொல்லுகிறதில் நல்லது கெட்டது மட்டும் அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இணையத்தில் வந்தால் நிஜம், படம் போட்டிருந்தால் சத்தியம். ஒருமுறை கெடா மாநிலத்துக்கு மட்டும் விட்ட விடுமுறையை நாடு முழுக்க என்று அறிவித்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் வெலவெலத்துப்போய் மூன்று முறை மன்னிப்புக் கேட்டான். ஒருவர் கூட அன்று வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. நம் மக்கள் புத்திசாலிகள், தாங்களாகவே சரிபார்த்துக்கொண்டார்கள் என்று பெருமைப்பட்டான்.

அவனுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தான் சொல்வதை நாலு பேர் கேட்கவேண்டும். கேட்கிறார்கள் என்றுதான் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான். பதில் வராதது அவனுக்குக் கவலையில்லை. ரேடியோவுக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

போன மாதம் புனிதன் கூப்பிட்டான். "அண்ணே, கோவில் திருவிழா அன்னிக்கு மத்தியானம் ஒன்னுகூடல் வெக்கிறோம். உங்களுக்குப் பொன்னாட போத்தப்போறோம். மேடையில பத்து நிமிஷம் நீங்க பேசணும் லா."

இருசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்கா தம்பி? என்னாத்துக்கு?"

"என்னாண்ணே இப்படிக் கேக்குறீங்க. நாலு வருஷமா எங்களுக்கு உலகத்தக் காட்டுறீங்களே!"

பின்னால் யாரோ சிரித்தது போனில் கேட்டது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். ஒரு வாரம் தூங்காமல் ஆயிரத்து நானூறு பதிவுகளிலிருந்து மணிமணியாக ஏழு செய்திகளைப் பொறுக்கினான். நீலத்தில் பூப்போட்ட பாத்தேக் சட்டை வாங்கினான். விலைச்சீட்டைத் தனேஸ்வரி மறக்காமல் வெட்டிவிட்டாள்.

புனிதனும் கெட்டவன் இல்லை. சாப்பிட்டுவிட்டு உட்காரும் கூட்டம் தூங்கி வழியாமல் இருக்க ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தான். ஒரு மனிதனை மேடையில் ஏற்றி வைத்துக் கலாய்ப்பதை இணையத்தில் ஆயிரம் முறை பார்த்துச் சிரித்திருக்கிறான். அதையே இங்கே செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. ஊரில் கலாய்ப்பதற்கென்றே கடவுள் படைத்த ஆள் வேறு தயாராக இருக்கிறான்.

பாலாய்ராயா என்று சொல்லும் பொதுமண்டபம் நிறைந்துவிட்டது. பொன்னாடையும் போர்த்தினார்கள். இருசப்பன் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினான். அதற்குள் புனிதன் அவன் தோளில் கை போட்டான்.

"அண்ணே, உங்க போன கொஞ்சம் குடுங்க. பெரிய ஸ்கிரீன்ல போட்டுருவோம். எல்லாரும் பாக்கட்டும்."

இருசப்பன் தானே விரலை வைத்துப் பூட்டைத் திறந்து நீட்டினான். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்வது என்பார்களே, அதுதான். சுவரில் அவனுடைய குரல்பதிவுகள் வரிசையாக ஒளிர்ந்தன. கூட்டம் கைதட்டியது. அவனும் தட்டினான்.

"அண்ணே, நீங்க டெக்னாலஜில கிங்கு. அனுப்புன வாய்ஸ யாரு யாரு கேட்டாங்கன்னு பாக்கலாம், தெரியும்தானே?"

"தெரியாமலா?" என்றான் இருசப்பன். அவனுக்குத் தெரியாது. மடிக்கிற போன் எத்தனை மடிப்பு என்று ஊருக்கே சொன்னவனுக்குத் தன் போனில் ஒரு பதிவின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்தி வைத்தால் என்ன தெரியும் என்று தெரியாது.

புனிதன் அழுத்தினான். "இது நேத்து அனுப்பினது. குழுவுல நூத்தி அறுபத்தி மூனு பேரு. போய்ச் சேந்தது எல்லாருக்கும். கேட்டவங்க எத்தன பேரு? ஒன்னு!"

மண்டபம் குலுங்கியது.

"முந்தாநேத்து. கேட்டவங்க, ஒன்னு! தீபாவளி ஸ்பெஷல், பதினேழு நிமிஷம். கேட்டவங்க..."

"ஒன்னு!" என்று கூட்டமே சொன்னது. அதன் பிறகு புனிதன் தேதியை மட்டும் சொன்னான்; எண்ணிக்கையைக் கூட்டம் பார்த்துக்கொண்டது. போன வருடம், ஒன்று. அதற்கு முந்திய வருடம், ஒன்று. சின்னப் பிள்ளைகள் விரலைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நான்கு வருடமாக ஊதியது செவிடன் காதில் ஊதிய சங்கு என்பதை இருசப்பன் எல்லோருக்கும் முன்னால் நின்று, சால்வையும் போட்டுக்கொண்டு, தேதிவாரியாகத் தெரிந்துகொண்டான்.

முதலில் அவனும் சிரித்துப் பார்த்தான். பிறகு பெண்கள் பக்கம் பார்த்தான். தனேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைக்க அவன் எவ்வளவோ முயன்றான். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"யாருமே... கேக்கலியா?" என்றான். வாய்க்குள் சொன்னதுதான், கையில் மைக் இருந்ததால் ஒலிபெருக்கி மண்டபம் முழுக்கச் சொல்லியது. அதற்கும் சிரிப்பு.

"அண்ணே, மனசு விடாதீங்க! அந்த ஒரு வீரன் யாருன்னு பாப்போம்" என்று புனிதன் பெயரைப் பெரிதாக்கினான். எல்லாப் பதிவிலும் ஒரே பெயர். சின்னத்தாய்.

எல்லோரும் பின்பக்கம் திரும்பினார்கள். கதவோரத்தில் சக்கர நாற்காலியில் சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள், எழுபது வயது, எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சுங்கை புரோங்கில், வயலுக்கு நடுவே, மகள் குமுதா வீட்டில் இருக்கிறாள். மகள் வேலைக்குப் போய்விட்டால் சுற்றுவட்டாரத்தில் தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. நாற்காலிக்குப் பின்னால் குமுதா நின்றிருந்தாள். மண்டபத்தில் அதுவரை சிரிக்காத முகம் அவளுடையது ஒன்றுதான்.

புனிதன் மைக்கோடு ஓடினான். "பாட்டி, உண்மையச் சொல்லுங்க, எப்படித் தாங்குனீங்க?"

"தாங்குறதுக்கு என்னாய்யா இருக்கு? தெனமும் ரெண்டு தடவ கேப்பேன்" என்றாள் சின்னத்தாய். குரல் தெளிவாக இருந்தது. "காலையில ஒரு தடவ. சோறு தின்னுட்டு ஒரு தடவ. இருசப்பா, நீ சொன்ன ஒன்னையும் நான் தட்டுனதில்லய்யா. சக்கர மாத்திரதான் காலக் கெடுக்குது, அத வுட்டுட்டுப் பாவக்கா சாறு நாப்பது நாளு குடின்னு சப்பான்காரன் கண்டுபிடிச்சதச் சொன்னியே? அன்னிக்கே வுட்டுட்டேன்."

சேலையை மேலே இழுத்தாள். இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"உம் மேல தப்பில்ல சாமி. நாந்தான் கசக்குதுன்னு முப்பதாவது நாளே சாற நிறுத்திட்டேன். நாப்பது முடிச்சிருந்தா கால எடுத்திருக்க மாட்டாங்க."

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மாத்திரைய எனக்குத் தெரியாமத் தெனமும் கக்கூசுல போட்டுத் தண்ணி ஊத்தியிருக்கு" என்றாள் குமுதா. மைக் இல்லாமலே அவள் சொன்னது மேடைவரை வந்தது. "கால எடுத்தப்புறந்தான் சொன்னுச்சு. அப்பவும் அந்த ஆளு பேச்சக் கேக்குறத நிறுத்தல. ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் கேட்டுச்சு."

புனிதன் ஸ்கிரீனை அணைத்தான்.

இருசப்பனுக்கு அந்தப் பதிவு ஞாபகம் வர நேரம் பிடித்தது. இரண்டு வருடம் இருக்கும். ஐந்தாவது செய்தி. ஒரு நடிகையின் கல்யாணப் புடவைக்கும் மடிக்கிற போனுக்கும் நடுவில். அன்றைக்கு ஆறுதான் தேறியிருந்தது. ஏழு ஆகவேண்டுமே என்று கடைசி நிமிடத்தில் எங்கிருந்தோ எடுத்துச் சொருகியது. வாசலில் லோரி ஹாரன் அடித்ததால் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுத் தடியைத் தூக்கப் போனான். அவனுக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. தன்னுடைய மாத்திரையை அவன் ஒரு நாளும் விட்டதில்லை.

மேடையிலிருந்து இறங்கினான். கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் அந்தக் கிழவியின் காலில், இருக்கிற ஒரு காலில், விழுந்து கதறப்போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தனேஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். விழவேண்டும் என்று அவனுக்கும் தெரியும். குற்ற உணர்ச்சி வரும், வராமல் போகாது, சாகும்வரை இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவன் நெஞ்சில் முதலில் வந்தது அது இல்லை. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐம்பத்து நான்கு வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்ததில்லை.

நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டான். சால்வை தரையில் புரண்டது. சின்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ரெண்டு தடவையும் முழுசாவா கேட்டீங்க?" என்றான். "ஒம்பது நிமிசமும்?"

"முழுசாத்தான்யா" என்றாள் சின்னத்தாய்.

குமுதா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.