டம்ளர் வட்டம்

எங்கள் வீட்டில் தேக்கு மேசை இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். விருதுநகரில் ஒரு வியாபாரி குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது பழைய சாமான் கடைக்கு வந்த மேசை அது. மகள் காலேஜில் சேர்ந்த வருசம் அதை வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி, நாரணாபுரத்துக்குக் கொண்டுவந்தார். உண்மையில் மேலே மட்டும்தான் தேக்கு, அதுவும் காகிதக் கனத்துக்கு ஒரு தோல். உள்ளே மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. அது எங்களுக்கு அப்போது தெரியாது. தண்ணீர் பட்ட பிறகுதான் தெரிந்தது.

மகள் விடியக்காலையில் எழுந்து அதில் உட்கார்ந்துதான் படிப்பாள். நான் கொதிக்கக் கொதிக்க டீ கொடுப்பேன். எவர்சில்வர் டம்ளரை அப்படியே மேசையின் வலது மூலையில் வைப்பாள். அவளுக்கு வேறு இடமே கிடையாது. சூடு பட்டுப் பட்டு, பாலிஷில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. துணி போட்டு வைடி என்று நான் கத்தாத நாள் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். வட்டம் நல்லாத்தானே இருக்கு என்று சிரிப்பாள். எனக்கு இன்னும் கோபம் வரும். என்னைக் கோபப்படுத்திப் பார்ப்பதில் அந்தக் கழுதைக்கு அவ்வளவு சந்தோசம்.

காலேஜ் லீவில் பிள்ளைகள் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போவது எங்கள் பக்கம் புதிதில்லை. தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் இவர் வேலை பார்த்த கம்பெனியிலேயே அவளும் சேர்ந்தாள். இவர் ஒரு ஷெட்டில், அவள் தள்ளி இன்னொரு ஷெட்டில். ஒவ்வொரு ஷெட்டு வாசலிலும் வாளியில் தண்ணீர் வைத்திருப்பார்கள். சின்னப் பொறி என்றால் யோசிக்காமல் தண்ணீரைத் தூக்கி ஊற்று, பெரிய வெடி என்றால் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுப்பார்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

வெடித்த அன்றைக்கு எல்லோரும் வெளியே ஓட, இவர் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் ஷெட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார். அங்கே ஷெட்டே இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவரை அமுக்கிப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். வீட்டில் கொண்டுவந்து விட்டபோதும் அவர் வாளியை விடவில்லை. ஊற்றாத தண்ணீர் பாதிக்கு மேல் அதிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பா என்றுதான் அவளைக் கூப்பிடுவார். அந்தச் சொல்லே வீட்டில் இல்லாமல் போனது. யாராவது துக்கம் விசாரிக்க வந்து அவள் பேச்சை எடுத்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். வேலைக்கும் போகவில்லை. நான் வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுத்து அடுப்பை எரிய வைத்தேன்.

அவள் படத்தை மேசையின் இடது பக்கம் வைத்து மாலை போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு ஏற்றினேன். வலது மூலையைக் காலியாக விட்டேன். காலையில் அவர் குளிக்கப் போனதும் அந்த வெள்ளை வட்டத்தின் மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவேன். சட்டை துணிமணியில் இருந்த அவள் வாசம் போய்விட்டது. செல்போன் அவளோடு போய்விட்டது. அவள் கைப்பட்டு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அந்த வட்டம் ஒன்றுதான். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்குத் திரி சரிந்து, காய்ந்த மாலையில் பற்றிக்கொண்டது. கையாலேயே தட்டி அணைத்திருக்கலாம். ஆனால் கம்பெனிப் பழக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலும் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் நிறைந்திருக்கும். அவர் அதைத் தூக்கி வந்து மேசை மேல் கொட்டினார். தீ அதோடு செத்தது. அவர் நிறுத்தவில்லை. குடத்துத் தண்ணீரைக் கொட்டினார். தொட்டியில் மோந்து மோந்து வந்து கொட்டினார். படம் கீழே விழுந்து கிடந்தது, வீடெல்லாம் தண்ணீர். "அணைஞ்சிருச்சுங்க, போதும், விடுங்க" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். என் பிடியை உதறிவிட்டு மறுபடியும் தொட்டிக்குப் போனார். அன்றைக்கு ஊற்ற முடியாமல் போனதை இன்றைக்கு ஊற்றுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வேறு யாரையாவது திட்டலாம். அவரை எப்படித் திட்ட?

காலையில் பார்த்தால் மேசையின் இடது பாதி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. தேக்குத் தோல் அங்கங்கே கொப்புளமாகக் கிளம்பி, பாலிஷ் வெளுத்துப் பூத்துப்போயிருந்தது. நான் முதலில் பார்த்தது வலது மூலையைத்தான். தரைச் சரிவில் தண்ணீர் இடது பக்கமாகவே ஓடியிருந்ததால் வட்டம் அப்படியே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, நானே சரி பண்ணுகிறேன் என்றார். மைதா மாவில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சினார். எங்கள் ஊரில் தீப்பெட்டி லேபிளில் இருந்து வெடிக் குழாய் வரைக்கும் எல்லாம் அந்தப் பசையில்தான் நிற்கின்றன, மேசையும் நிற்கும் என்று நினைத்துவிட்டார். அடியில் ஈரம் காயாமல் அதைப் பூசினால் என்ன ஆகும்? பூஞ்சணம் பிடித்து நாறியது. பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான். மேசைக்கும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாத மனுசன் என்று அன்றைக்கு மட்டும் வாய்விட்டுத் திட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து எத்தனை காலம் ஆகியிருந்தது.

அப்புறம் சிவகாசியில் ஒரு ஆசாரியிடம் கேட்டு வந்தார். மேசையை நிழலில் நன்றாகக் காயவிட்டார். கொப்புளத்தை மர ரேகை ஓடும் பக்கமாகவே பிளேடால் லேசாகக் கீறி, ஊசியில்லாத சிரிஞ்சால் மரம் ஒட்டும் வெள்ளைப் பசையை உள்ளே ஏற்றி, துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் அமுக்கி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். வெளுத்துப் பூத்த இடத்தில் வேட்டியை மடித்து விரித்து, இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினார். துணியை எடுத்தால் வெள்ளை மறைந்து தேக்கு நிறம் திரும்ப வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வலது மூலையைத் தொடாதீங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் பாப்பா பேச்சு வரும், எழுந்து போய்விடுவார், மேசை வேலை பாதியில் நின்றுவிடும். தண்ணீர் படாத மூலைதானே, அங்கே அவருக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் குழாய் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மேசை நடுவீட்டில் இருந்தது. புது பாலிஷ் அடித்து, ஒரே நிறமாக, கடையில் இருந்து வந்தது போல இருந்தது. அவர் பக்கத்தில் நின்றார். முகம் தெளிந்திருந்தது.

"பாப்பாவோட டம்ளர் வட்டம் ஒண்ணு இருந்துச்சுல்ல, அதுக்காக அவள எம்புட்டு வஞ்சிருப்ப," என்றார். "அதையும் எடுத்துட்டேன் பாரு. இனி நீ அவள வைய வேண்டாம்."

நான் மூலையைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அடப்பாவி மனுசா என்று நெஞ்சுக்குள் ஓலமிட்டேன். ஆனால் அவர் வாயில் பாப்பா என்ற சொல் வந்துவிட்டது. இத்தனை நாளைக்குப் பிறகு அவளைப் பற்றிப் பேசிவிட்டு, கொல்லைப்பக்கம் போகாமல் நிற்கிறார். நான் உண்மையைச் சொன்னால் மறுபடியும் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டுதான் வாழ்நாள் முழுக்க நிற்பார்.

"நல்லாருக்குங்க," என்றேன்.

உள்ளே போய் டீ போட்டேன். கொதிக்கக் கொதிக்க அவளுடைய டம்ளரில் ஊற்றி, கொண்டுவந்து அதே மூலையில் வெறும் மேசை மேல் வைத்தேன். அவர் சட்டென்று டம்ளரைத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டை மடித்து மேசையில் போட்டு, அதன் மேல் வைத்தார்.

"துணி போட்டு வைடி," என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மகளுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.