ஜாகாவின் மூடிய கை

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசலில் தடுப்பைத் தூக்கிவிடும் காவலாளியான ஜாகாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முறுக்கிய மீசைக்குக் கீழே, பல் முழுக்கக் கம்பி. தோட்டப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகும் எனக்குத் தினமும் சலாம் வைப்பார், அதுவும் கையை இறுக மூடிக்கொண்டே. திமிர் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் நானும் பல்லுக்குக் கம்பி போட்டேன். அது கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்ததில் பேசவே பயமாக இருந்தது. கம்பிமேல் ஒட்டும் மெழுகோ பாதி வழியிலேயே விழுந்துவிடும். ஒரு நாள் காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கையை விரித்தார். உள்ளே சின்ன மெழுகு டப்பா.

“இந்தக் குளிருல மெழுகு கல்லாயிடும் டீச்சர். கைச்சூட்டுல வச்சிருந்து, கம்பிய டிஸ்யூல தொடச்சிட்டு ஒட்டுங்க. விழாதுலா.”

அன்று எல்லாப் பாடத்தையும் வலியில்லாமல் நடத்தினேன்.

சென்ற மாதம் அவருக்குக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். பளிச்சென்று சிரித்தார். ஆனால் சலாம் வைத்த கை மூடியேதான் இருந்தது.

“இன்னும் எதுக்குண்ணே?”

“கொஞ்சம் மிச்சம் இருக்கு டீச்சர். நீங்க வர்ற நேரத்துக்குச் சூடா இருக்கட்டும்னுதான்.”

ஐம்பது வயதில் அவருக்கு எதற்குக் கம்பி என்று கேட்க நினைத்திருந்தேன். அவர் கொடுத்த டப்பா என் கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. கேட்காமல், மூடிய கையாலேயே ஒரு சலாம் வைத்துவிட்டு நடந்தேன்.