ஆற்றின் பின்னால் போன ஸ்டேஷன்

எழுபத்து மூன்று வயதில் தேவராஜின் நிம்மதியைக் கெடுத்தது ஒரு புத்தகம். தாயாகோன் என்ற சின்ன ஊரின் வரலாறு, பர்மிய மொழியில். ஐராவதியின் மேற்குக் கரையில், ரயிலை விட்டு இறங்கி ஜனங்கள் படகேறிய ஊர். இப்போது தன்லியினில் குடியிருக்கும் தேவராஜ் அங்கே முப்பது வருஷம் ஸ்டேஷன் குமாஸ்தா.

அந்த ஆற்றுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மழைக்காலம் முடிந்து பார்த்தால் கரை எங்கோ தள்ளிப் போயிருக்கும். கேங்மேன்கள் தண்டவாளத்தைப் பெயர்த்து, மூங்கில் ஸ்டேஷனையும் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போவார்கள். ஒரு வருஷம் தண்ணீர் வடியும் முன்பே வேலையைத் தொடங்கச் சொன்னார்கள். கரை சரிந்து ஐந்து பேர் போனார்கள். அதில் ஒருவர் தேவராஜின் அண்ணன் பழனியப்பன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

இறந்தவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதியவர் தேவராஜ்தான். அப்போது அவர் குடியுரிமை அட்டைக்காக அலைந்துகொண்டிருந்தார். கூடப்பிறந்தவர் இந்தியப் பெயரோடு இருந்தால் தனக்கு இடைஞ்சல் என்று பயந்து, பர்மியப் பெயரே வைத்துக்கொள்ளாத அண்ணனைக் கோ தின் மவுங் ஆக்கினார். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தார். அட்டை வந்தது, பதவி உயர்வு வந்தது, திருத்த மட்டும் நாற்பது வருஷமாக நேரம் வரவில்லையாம். பயத்துக்கு நல்ல நல்ல பெயர் வைப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

புத்தகத்தில் கோ தின் மவுங்கைப் பார்த்ததும், அது தன் அண்ணன், பெயர் தப்பு என்று சொல்ல அதை எழுதிய டீச்சரம்மாவிடம் ஓடினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய பதிவேட்டின் நகலை எடுத்துக் காட்டினார். சாய்ந்து சாய்ந்து போகும் தேவராஜின் கையெழுத்தேதான். இதை எழுதியவருக்கு உங்கள் அண்ணனைத் தெரியாதா என்று கேட்டார். நான்தான் எழுதினேன் என்று சொல்ல தேவராஜுக்கு வாய் வரவில்லை. பொய்ப் பதிவென்று கிளம்பினால் பேரப்பிள்ளைகளின் அட்டைக்கும் வம்பு வரும் என்று மனம் கணக்குப் போட்டது. வீடு திரும்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பௌத்த மடத்தில் புத்தக வெளியீடு. இறந்தவர்கள் பெயரை வாசித்து, புண்ணியத்தை அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அண்ணி பவுனம்மாள் பர்மிய வழக்கப்படி புது லுங்கி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். துக்க வீட்டில்கூடப் புருஷனுக்கு ஒழுங்காக எதுவும் செய்ய முடியாமல் போனவர் அவர். ஐந்து பெயரும் வாசித்து முடியும்வரை கூப்பிய கையைப் பிரிக்கவே இல்லை.

"அவுக பேரு எப்ப வரும் தம்பி?"

பக்கத்தில் இருந்த தேவராஜ் குனிந்து சொன்னார்.

"வாசிச்சாச்சு அண்ணி."

"அப்படியா? எனக்குக் கேக்கலையே" என்ற பவுனம்மாள், பாழாய்ப்போன காது இன்றைக்கென்று பார்த்து மந்தமாகிவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டார்.