சூசையின் விரதமும் கடைவாய்ப் பல்லும்

வீடு வீடாகக் கூடிச் செபிக்கிற நம் அன்பியத்து உறவுகளே, ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முடிக்கும்போதும் சொல்வேன். நடுவில் நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

இந்த வருடம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் முடிந்த மூன்றாம் நாள் என் தம்பி சூசை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். அவனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முப்பத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. பத்துப் பதினைந்து வார்த்தை பேசுவான். வலிக்கிறதா என்று கேட்டால், காலில் முள் தைத்திருந்தாலும் "இல்ல" என்பான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நெடுங்காட்டுப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் இருபத்திரண்டு வருடம் வார்டனாக இருந்தவள் நான். பெட்டியைத் திறந்து பார்க்காமல் யாரையும் உள்ளே விட்டதில்லை. "மாமா வந்திருக்காரு" என்று ஒரு பெண் சொன்னால், வாசலுக்குப் போய் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். சந்தேகம் என்னோடு கூடவே பிறந்தது.

அதனால் சூசை சாப்பிடவில்லை என்றதும் சந்தேகப்பட்டேன். கெட்டுப்போன மீனைக் கொடுத்துவிட்டாளோ என்று முதலில் மீன்காரியை. பிறகு பக்கத்து வீட்டு லூர்து மேரி அக்காவை. சுவருக்கு மேலாக முறுக்கும் அதிரசமும் நீட்டுவது அவர் வழக்கம். பிஸ்கட் டப்பாவில் உள்ளே எதுவரை இருக்கிறது என்று வெளியே பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். பிஸ்கட் கோட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆறின கஞ்சித் தண்ணீரும் மோரும் மட்டும் உறிஞ்சினான். பல் தேய்க்கப் போனால் வாயை இறுக்கிக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டான். பிடிவாதம் என்று திட்டினேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில், நற்கருணை அப்பத்துக்கு மட்டும் வாயைத் திறந்தான்.

லூர்து மேரி அக்கா இதைப் பிடித்துக்கொண்டார்.

"சோறு வேணாங்குறான், நற்கருணை மட்டும் வாங்கிக்கிறான். ஆண்டவரே அவனுக்கு விரதம் குடுத்துருக்காருடி ரெஜினா. அற்புதம்டி இது."

"அற்புதம்னா ஏங்க்கா இப்புடி எளைச்சுப் போறான்?"

"விரதம்னா எளைக்கத்தானே செய்யும்?"

அக்கா சும்மா இருக்கவில்லை. இரண்டே வாரத்தில் தெருவெல்லாம் பேச்சு. போலகத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையைக் கொண்டுவந்து சூசையின் கையை அதன் தலையில் வைக்கச் சொன்னாள். மெழுகுவர்த்தி வந்தது. பூ வந்தது. வந்தவர்கள் எல்லாரையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தேன். இவர்களுக்கு என்ன வேண்டும்? நேற்றுவரை கோயிலில் இவன் வந்தால் பெஞ்சில் விலகி உட்கார்ந்தவர்கள்தானே?

இப்போது வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், நானும் நம்பினேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என் தம்பி முன்னால் மனிதர்கள் குனிந்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. விடுதி நாளிலிருந்தே கையில் எப்போதும் டார்ச் வைத்துக்கொண்டு சுற்றினவள், அந்த வாரம் அதை அணைத்து வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதைச் செபம். இயேசு மூன்றாம் முறை விழுகிற இடத்தில் எல்லாரும் முழங்காலிட்டோம். எழுந்தபோது ஆண்கள் பக்கம் சூசை மட்டும் எழவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தான். நெற்றி கொதித்தது. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. லூர்து மேரி அக்கா, "ஆண்டவரோட பாடுகள அனுபவிக்கிறான்" என்று அழுதார். இவன் செத்துக்கொண்டிருக்கிறான், நான் பூ வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அங்கேயே செபித்தேன். மரியாதையான செபம் இல்லை. "ஆண்டவரே, நான் உம்மையே சந்தேகப்படுகிறேன். இது உம்முடைய வேலையா, இல்லையா? கனவு வேண்டாம், காட்சி வேண்டாம், நான் நம்பமாட்டேன். என் புத்திக்கு எட்டுகிற மாதிரி ஏதாவது காட்டும். இவனை எடுத்துக்கொள்ளாதேயும்." இவ்வளவுதான்.

காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். கொஞ்சம் தணிந்தது. ஞாயிறன்று கோயிலுக்குப் போயே தீருவேன் என்று அடம்பிடித்தான். தள்ளாடினான். அதனால் வழக்கத்தை மீறி, ஆண்கள் வரிசையில் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். நான்கு பேர் முறைத்தார்கள். இத்தனை வருடம் அவன் நற்கருணை வாங்குவதைப் பெண்கள் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் தோளோடு தோளாக நின்றேன்.

ஃபாதர் அப்பத்தை உயர்த்தினார். சூசை கைகூப்பி "ஆமென்" என்று வாயைத் திறந்தான்.

நாற்றம் அடித்தது.

புனிதர்களின் உடம்பில் பூ வாசனை வரும் என்பார்கள். இது சீழ் நாற்றம். விடுதியில் எத்தனை பெண்களுக்குப் பல்வலி பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? நாக்கில் கரைகிற நற்கருணையை மெல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் அதற்கு மட்டும் வாயைத் திறந்திருக்கிறான். நான் கேட்ட அடையாளத்தை ஆண்டவர் என் மூக்கில் வைத்தார். பீடத்துக்கு முன்னால் நின்று அழுதேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

திங்களன்று நாகப்பட்டினத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். சூசையைப் பார்த்ததும், "இந்த மாதிரி ஆளுங்களுக்கு இங்க பாக்குறதில்லம்மா" என்றார். வாசலோடு திரும்பினோம். மறுநாள் திருநள்ளாறு சாலையில் டாக்டர் நஸ்ரின் என்ற பெண்ணின் சின்னக் கிளினிக்கிற்குப் போனேன். கூட்டமே இல்லை. ஏன் கூட்டம் இல்லை? சுவரில் மாட்டியிருந்த பட்டத்தில் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். அந்தப் பெண் சிரித்தார்.

"நானேதாம்மா. போட்டோவும் இருக்கு, பாத்துக்குங்க."

சூசை நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றான். வாயைத் திறக்கவில்லை. டாக்டர் வற்புறுத்தவில்லை. "சூசை அண்ணன் வேற எங்கயாச்சும் பயப்படாம வாயத் தொறப்பாரா?" என்று கேட்டார். அண்ணன் என்று வெளியாள் ஒருத்தர் அவனைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். கோயிலில், நற்கருணைக்கு, என்றேன். எப்படி நிற்பார், எதிரில் நிற்பவர் என்ன செய்வார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு பல் பார்க்கும் குட்டி வட்டக் கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "சாமி காரியத்த வெளையாட்டா ஆக்குறீங்களா?"

"இல்லம்மா. அவரு தைரியமா நிக்கிற எடத்துலேருந்து ஆரம்பிக்கலாம்னு பாக்குறேன். ஒங்களுக்கு மனசு ஒப்பலன்னா வேணாம்."

வெளியே வந்து ஃபாதருக்கு போன் செய்தேன். பாவமா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நற்கருணை வேற, கண்ணாடி வேறன்னு சூசைக்கு நல்லாவே தெரியும் ரெஜினா. ஒனக்குத்தான் தெரியல. போயி வைத்தியத்தப் பாரு."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவனுக்கு எதிரே நின்றார். ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மெதுவாக உயர்த்தினார். சூசை என்னைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். கையைக் கூப்பினான். "ஆமென்" என்று திறந்தான்.

"ஆமீன்" என்றார் டாக்டர், தன் மார்க்க வழக்கப்படி. இரண்டு விநாடி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

கீழே கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை. ஈறு முழுக்கச் சீழ். அது ரத்தத்தில் கலந்து அந்த ஓட்டை இதயத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். பல்லைப் பிடுங்கலாம் என்று இதய மருத்துவரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்; வாங்கிக் கொடுத்தேன். மாத்திரை கொடுத்தார். உடனே பிடுங்கவில்லை. நான்கு நாள் சும்மா வரச் சொன்னார். முதல் நாள் கண்ணாடி மட்டும். அடுத்த நாள் பிரஷ். அதற்கடுத்து நாற்காலி. நான்காம் நாள் ஊசி இல்லாத சிரிஞ்சைக் கையில் கொடுத்து விளையாட விட்டார். இவ்வளவு பொறுமை எதற்கு என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

ஐந்தாம் நாள் மரத்துப்போகிற ஊசி போடும்போது சூசை கடித்துவிட்டான். கையுறையைத் தாண்டி ரத்தம். அவ்வளவுதான், விரட்டிவிடுவார் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மறுநாள் அவரே போன் செய்தார். "அண்ணனுக்குக் காய்ச்சல் இருக்கா? இல்லன்னா சாயங்காலம் கூட்டிட்டு வாங்க." போனோம். விரலில் கட்டோடு நின்றார். அந்தக் கட்டைப் பார்த்ததும் என் சந்தேகம் செத்தது. அன்று பல் வெளியே வந்தது.

உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் அன்று ஆட்டுக்கறிக் குழம்பில் ஊறிய இட்லி ஐந்து சாப்பிட்டான். மெழுகுவர்த்தியும் பூவும் வருவது நின்றுவிட்டது. லூர்து மேரி அக்காவுக்கு ஏமாற்றம்தான்.

"அப்ப அற்புதம் இல்லையாடி?"

"இருந்துச்சுக்கா. நீங்க பாத்த பக்கம் இல்ல."

ஆண்டவருக்கு நன்றி. சந்தேகப் பிராணி என்று எல்லாரும் என்னைச் சொல்வீர்கள். அந்தக் குணத்தை வைத்தே அவர் என் தம்பியைக் காப்பாற்றினார். நம் அன்பியத்தில் சூசையைப் போல இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த மூன்று வீட்டுக்கும் டார்ச்சோடு போய்விட்டேன். ஒரு வீட்டில் ஒரு பெண் பல மாதமாகத் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள். பேய் என்றார்கள். அவளுக்கும் பல்தான். இப்போது டாக்டர் நஸ்ரினிடம் போகிறாள்.

செபியுங்கள், கேட்பார். நானே சாட்சி. ஆனால் செபித்துவிட்டு, வலியைச் சொல்லத் தெரியாத உங்கள் பிள்ளையின் வாயையும் ஒருமுறை பாருங்கள்.

இப்போது தினமும் காலையில் பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து நான் எதிரே நிற்கிறேன். சூசை கைகூப்பி, "ஆமென்" என்று திறக்கிறான். நான் குனிந்து, கடைசிப் பல்வரை பார்க்கிறேன்.